ஊர் வரலாறு எழுதுவோர் போக வேண்டிய இடம்: தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்

ஊர் வரலாறு என்று நம்மிடையே வெளிவரும் பெரும்பாலான நூல்களில் ஓர் இடைவெளி இருக்கிறது. கோயில் கல்வெட்டில் தொடங்கி, தலபுராணக் கதையைச் சொல்லி, ஓரிரு வள்ளல்களின் படத்தைப் போட்டு, நேரே இன்றைய பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுவார்கள். நடுவில் இருந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் அந்த ஊரில் யார் என்ன தொழில் செய்தார்கள், யார் கடல் கடந்தார்கள், எந்த நாடகம் பார்த்தார்கள், எதற்காகச் சண்டையிட்டார்கள் என்பதெல்லாம் விடுபட்டுப் போகும். காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றின் வரலாற்றைத் தொகுக்க முனைந்தபோது எனக்கும் இதே தடை வந்தது. அதைத் தாண்ட உதவிய இடம் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். வாசகர் சேவை என்ற அளவில் அதை எடைபோட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அச்சில் வந்த தமிழ் வாழ்க்கையைத் தேடுகிற எவருக்கும் இதைவிடப் பயனுள்ள இடத்தை நான் அறியேன்.

நூலகத்துக்குப் பெயர் தந்த முத்தையா செட்டியார் பேராசிரியர் அல்லர், பதிப்பாளரும் அல்லர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்த ஓவியர். பழைய பேப்பர் வாங்குபவர்களிடமிருந்தும் உடைந்துபோன பெரிய வீடுகளிலிருந்தும் அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்தவை, 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம். நூல்களும் பருவ இதழ்களும் மட்டுமல்ல, நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ், கடிதம், புகைப்படம் எனப் பிறர் குப்பையில் போட்டவற்றையும் அவர் எடுத்து வைத்தார். அரசு நூலகங்கள் நூலைத்தான் சேர்க்கும். அழைப்பிதழை யார் சேர்ப்பார்கள்? ஊர் வரலாற்றுக்கு இந்தச் சேகரம் இவ்வளவு உதவுவதற்கு அவருடைய அந்த ஒரு பழக்கமே காரணம் என்பேன்.

கோட்டையூர் சிறிய ஊர். ஆனால் மூன்று வெவ்வேறு வகைப் பெரியவர்களைத் தந்திருக்கிறது. 1909இல் அங்கே பிறந்த அழகப்பச் செட்டியாரைத் தமிழ்நாடே அறியும்: 1944இல் சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகப் பொருள் தந்தவர், 1947இல் காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்கியவர், மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தம் மண்ணுக்கு வரவேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர். அவருக்கு இரண்டாண்டு இளையவரான ஏ.கே. செட்டியார், காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக நாடு நாடாக அலைந்து பழைய படச்சுருள்களைத் திரட்டி 1940இல் அதை வெளியிட்டார். பின்னர் ‘குமரிமலர்’ இதழில் பழைய ஆவணங்களைத் தேடித் தேடி மறுபதிப்புச் செய்தார். மூன்றாமவர் முத்தையா. அழகப்பருக்குப் பல்கலைக்கழகமே பெயர் சொல்கிறது. மற்ற இருவரையும் ஊரின் இளைஞர்கள் எத்தனை பேர் அறிவார்கள் என்று கேட்டால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. ஓர் ஊரை உருவாக்கியவர்களில், இருந்ததை அழியவிடாமல் காத்தவர்களும் அடக்கம் என்பதை நாம் இன்னும் போதிய அளவு ஒப்புக்கொள்ளவில்லை.

முத்தையாவின் கைக்கு இவ்வளவு காகிதம் வந்து சேர்ந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1930களின் பொருளாதார மந்தத்தில் பர்மிய உழவர்கள் கடனைத் திருப்ப முடியாமல் போனபோது அங்கே கடன் கொடுத்திருந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கைக்கு அடமான நிலங்கள் வந்தன. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விளைநிலம் அவர்கள் பெயரில் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்ததும், அதைத் தொடர்ந்து விடுதலை பெற்ற பர்மாவின் நிலச் சட்டங்களும் அந்த முதலீட்டைக் கரைத்தன. பிள்ளைகள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர, பூட்டிய வீடுகளின் தேக்குக் கதவுகளும் தூண்களும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. கதவுக்கு விலை சொன்னவர்கள் பரணில் கிடந்த காகிதத்தை எடைக்குப் போட்டார்கள்.

அவர் மறைவுக்குப் பின் இச்சேகரம் சிதறிப் போயிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, அமெரிக்காவுக்கு எடுத்துச் செல்லாமல், மொழி அறக்கட்டளையின் துணையோடு 1994இல் சென்னையிலேயே நூலகமாக அமைக்க வழிசெய்தது. முதலில் முகப்பேரில் இருந்த நூலகம் பிறகு தரமணிக்கு வந்தது. வாங்கிய பின்னும் பொருளை இங்கேயே விட்டுவைத்த அந்த முடிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். கோட்டையூர்க்காரர் ஒருவர் தம் பாட்டனார் காலத்துக் காகிதத்தைப் பார்க்கக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டிய நிலை வராமல் போனது அதனால்தான்.

இனி நூலகத்தின் சேவையைப் பற்றி. மத்திய பாலிடெக்னிக் வளாகத்தில் உள்ள இந்த இடத்துக்குப் பறக்கும் ரயிலில் இந்திரா நகரிலோ திருவான்மியூரிலோ இறங்கி ஆட்டோவில் போய்விடலாம். அலமாரிகளுக்கிடையே உலாவி நூலை எடுக்கும் முறை இங்கே இல்லை. பட்டியலில் தேடி, வேண்டியதைக் கேட்டால் பணியாளர்கள் எடுத்து வருவார்கள். பழக்கமில்லாதவருக்கு இது முதலில் தடையாகத் தோன்றும். தொட்டால் பொடியும் காகிதத்துக்கு வேறு வழியில்லை என்பது மூலப் பிரதி ஒன்றைக் கண்டதும் புரிந்துவிடும். நலிந்த பிரதிகளுக்குப் பதிலாக நுண்படமோ (மைக்ரோஃபிலிம்) கணினிப் படிமமோ தருகிறார்கள். படிப்பதற்கு அதுவே எளிது. எதைத் தேடுகிறோம் என்று விரிவாகச் சொன்னால், நாம் கேட்காத ஒன்றையும் நினைவூட்டும் பணியாளர்கள் அமைவது எந்த நூலகத்துக்கும் பெரும் பேறு. இங்கே எனக்கு அது கிடைத்தது.

நான் பார்த்தவற்றுள் ஒரு திருமண அழைப்பிதழைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான்கு மூலைகளிலும் தடவிய மஞ்சள் பழுப்பாக மாறி, மடிப்பு விழுந்த கோட்டில் தாள் ஏறக்குறைய இரண்டாகப் பிரிந்திருந்தது. அழைப்பவரின் பெயருக்கு முன் குடும்பத்தின் விலாச எழுத்துகள், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள். அடுத்து மணமக்களின் கோயில் பிரிவு, அதாவது நகரத்தாரின் குலப் பிரிவு. ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரிக்குக் கீழே உறவினர் பெயர்கள். சிலர் பெயரோடு ரங்கூன் மொகல் தெரு முகவரி. அடிவிளிம்பில், கண்ணை அருகில் கொண்டுபோனால்தான் தெரிகிற எழுத்தில், அச்சகத்தின் பெயர். இந்த ஒரே தாளில் ஒரு குடும்பத்தின் மணவுறவு, தொழில் நடந்த ஊர், அந்த ஆண்டு அவர்கள் அக்கரையில் இருந்தார்களா திரும்பிவிட்டார்களா என்பது, பக்கத்து ஊரில் அச்சகம் இருந்தது என்பது ஆகிய நான்கும் ஐயமின்றிக் கிடைக்கின்றன. பத்துப் பெரியவர்களைப் பேட்டி கண்டாலும் இவ்வளவு துல்லியமான ஆண்டுக் கணக்குக் கிடைக்காது, ஏனெனில் நினைவு ஆண்டுகளை எளிதில் கலந்துவிடும்.

தேடும் முறை பற்றி ஒரு சொல். ஊர்ப் பெயரை மட்டும் பட்டியலில் இட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் ஊர்ச் செய்தி கும்மி, சிந்து, பதிகம், திருப்பணி மாலை போன்ற பாட்டு நூல்களில் இருந்தது. வழிநடைச் சிந்து ஒன்றை எடுத்தால், ஒரு தலத்துக்கு நடந்துபோகிறவர் கடக்கும் சாவடி, சத்திரம், ஊருணி, சந்தை எல்லாம் வரிசையாக வரும்; கொலைச் சிந்தில் ஊரின் பகையும் காவல் நிலையமும் வரும். சாதிச் சங்கங்களின் இதழ்கள் இன்னொரு புதையல். காரைக்குடியில் 1920இல் தொடங்கிய, நகரத்தாரின் ‘தனவைசிய ஊழியன்’ போன்ற இதழ்களின் காலத்தில், பெண் கல்வி, வரதட்சிணை, கைம்பெண் மறுமணம் பற்றியெல்லாம் ஒரு சமூகம் தனக்குள் எவ்வளவு கடுமையாக வாதாடிக்கொண்டது என்பதை, பிற்காலத்தில் எழுதப்பட்ட புகழ்ச்சி நூல்களில் காண முடியாது. காரைக்குடி இதழாளர்களான சொ. முருகப்பாவும் ராய. சொக்கலிங்கனும் அந்த வாதங்களுக்கு நடுவே நின்று எழுதியவர்கள். அவர்களைச் சிலையாக அல்லாமல், எதிர்ப்பைச் சந்தித்த மனிதர்களாக அறிய இதழ்களைத்தான் புரட்ட வேண்டும்.

குறை என்று சொல்வதானால், அது நூலகத்தின் குறை என்பதைவிட அச்சின் குறை. அழைப்பிதழ் அடித்தவர்கள் கையில் காசு இருந்தவர்கள். செட்டிநாட்டு மாளிகைகளின் சுவருக்கு முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய கொத்தனார்கள், ஆத்தங்குடியில் பூக்கல் என்னும் தரை ஓடு வார்த்தவர்கள், கணவர் அக்கரையில் இருந்த ஆண்டுகளில் வீட்டையும் நிலத்தையும் கட்டிக்காத்த ஆச்சிமார் (நகரத்தார் பெண்கள்) ஆகியோரின் குரல் இங்கே மிகக் குறைவு. அதற்கு வாய்மொழிப் பதிவுதான் வழி. நிலம், வரி, வழக்கு ஆகியவற்றுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும். பழைய முதற்பதிப்புகளுக்குப் புதுக்கோட்டை ஞானாலயா நூலகமும் மிக நல்ல இடம்.

நேரம், உறுப்பினர் விதிமுறை, படியெடுக்கும் கட்டணம் ஆகியவை மாறக்கூடியவை. புறப்படுமுன் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ கேட்டுக்கொள்வது நல்லது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பட்டியலை இணையத்தில் முன்பே பார்த்து, வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு வந்தால் பாதி நாள் மிச்சம். வீட்டில் பழைய விழா மலர்களோ கணக்கேடுகளோ குடும்பப் படங்களோ இருந்தால், எடைக்குப் போடும் முன் இவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். படங்களாக இருந்தால், அதில் நிற்பவர்கள் யார், எந்த ஊரில் எடுத்தது என்பதை, சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே தனித்தாளில் எழுதி உடன் வைத்துக் கொடுங்கள்.