காலை 10 மணிக்குக் கொத்து பரோட்டா

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "புது ஆப்புக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் போடுறேன். நேரத்தை டைம்ஸ்டாம்ப்னு வைக்கவா, டைம்ஸ்டாம்ப்-டிஇஸட்னு வைக்கவா?" முதலாவது வெறும் தேதியும் நேரமும்; இரண்டாவது பெயரிலேயே டைம் ஸோன், அதாவது நேர மண்டலம், சேர்ந்தது. எட்டு வருஷமாக போஸ்ட்கிரெஸோடு குடும்பம் நடத்துகிறவன் நான். பதில் ஒரு வார்த்தைதான்: டிஇஸட். கூடவே அரை மணி நேரப் புலம்பலும் போனது.

டிஇஸட்டைக் குறை சொல்ல மாட்டேன். பெயரில்தான் ஸோன், உள்ளே கிடையாது. எதைக் கொடுத்தாலும் யுடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றி 8 பைட்டில் வைத்துக்கொள்ளும், கேட்கிற செஷனின் (இணைப்பின்) ஸோனுக்கு ஏற்றபடி காட்டும். ஒரு நாளும் கைவிட்டதில்லை.

நான் மாட்டியது, ஒரு நேரத்தை நாம் சொல்லும் ஸோனுக்கு மாற்றித் தரும் 'அட் டைம் ஸோன்' என்ற கட்டளையில். மாலை 5 முதல் நள்ளிரவு வரை நடக்கும் ஒரு கடைக்கு விற்பனை அறிக்கை எழுதினேன். இந்திய நேரம் யுடிசிக்கு ஐந்தரை மணி முன்னால்தானே என்று அதில் '+05:30' கொடுத்தேன். மூன்று மாதம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் மணிவாரியாக ஒரு அறிக்கை கேட்டார்கள். முதலாளி பார்த்துவிட்டு, "காலையில 10 மணிக்கு யாருப்பா கொத்து பரோட்டா சாப்பிடுறா?" என்றார். கடையே திறக்காத நேரம் அது.

இந்த இடத்தில் போஸ்ட்கிரெஸ், பாசிக்ஸ் என்ற யூனிக்ஸ் தரத்தின் வழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன்படி கூட்டல் குறி என்றால் கிரீனிச்சுக்கு மேற்கே; இந்தியா இருப்பதோ கிழக்கே. ஐந்தரை மணி கூடுவதற்குப் பதில் குறைந்து, மொத்தம் 11 மணி நேரம் பின்னால் போய்விட்டது. இரவு 9 காலை 10 ஆனாலும் தேதி மாறவில்லை, அதனால் தினசரி மொத்தம் பைசா பிசகாமல் பொருந்தியது! இதே போஸ்ட்கிரெஸில் '21:00+05:30' என்று நேரத்தோடு ஒட்டி எழுதினால் கூட்டல் குறிக்குக் கிழக்கு என்று அர்த்தம். ஆவணத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். யார் படித்தது?

அவசரத்தில் இந்திய நேரத்தின் சுருக்கம் என்று நினைத்து 'ஐஎஸ்டி' என்று மாற்றினேன். இரவு 9 மணி ஆர்டர் மாலை ஐந்தரைக்கு வந்து நின்றது. நாம் எதையும் மாற்றாத இயல்பு அமைப்பில் ஐஎஸ்டி என்றால் இஸ்ரேல் நேரம். ஐந்தரை கடை திறந்திருக்கும் நேரம் என்பதால் தப்பு கண்ணில் படாது; நல்லவேளை முதலாளிக்கு அனுப்பும் முன் பார்த்தேன். 'ஏசியா/கொல்கத்தா' என்று முழுதாக எழுதியதும்தான் பரோட்டா ராத்திரிக்குத் திரும்பியது.

டிஇஸட் இல்லாத ஃபீல்டில் அதே அட் டைம் ஸோன் எதிர்த்திசையில் வேலை செய்யும் என்பது தனிக்கதை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

"அப்போ எத்தனை ஸ்டார்?" என்றான் நண்பன். இன்றைய மனநிலையில் ஐந்துக்கு இரண்டு. வேறு டேட்டாபேஸ் பார்க்கட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை நான் தொடங்கும் வேலையும் போஸ்ட்கிரெஸில்தான்.