டயர் கழற்ற லீவரா, மெஷினா?

பைக் டயருக்கும் பழைய இரும்பு ரிம்முக்கும் லீவரே போதும், கை பழகிய பஞ்சர் கடைக்காரர் சோப்புத் தண்ணி தடவி சட்டென்று கழற்றிவிடுவார். கார் அலாய் வீல் என்றால் நான் மெஷின் பக்கம்தான். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரம் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்று பட்டு ரிம் ஓரம் பொரிந்து டயர் ஒட்டிக்கொள்ளும்; சுத்தியலால் அடித்தால் அலாய் கீறும், சில சமயம் விரிசலே விடும். மெஷினில் பெடலை மிதித்தால் தகடு டயரை அமுக்கி விடுவித்துவிடும், ஆனால் அதற்கு முன் வால்வு பின்னைக் கழற்றி காற்றை முழுசாக இறக்கியிருக்க வேண்டும், தகடு ரிம்மில் படக்கூடாது, உள்ளே வால்வோடு பிரஷர் சென்சார் இருந்தால் தகட்டை வால்வை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். அப்புறம், டயரை ரிம்மிலிருந்து எடுக்கும் மெஷின் தலைக்கும் ரிம்முக்கும் 2-3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சுற்றும்போது விரலை உள்ளே விடவே கூடாது. டயர் இறுகினால் உடனே நிறுத்தி, எதிர்ப்பக்க டயர் ஓரத்தை ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டுச் சுற்றினால் தளர்ந்துவிடும். லீவருக்கும் இதே வழிதான், பலர் செய்வதில்லை, பலத்தைத்தான் காட்டுகிறார்கள். மெஷினுக்குக் கூலி கொஞ்சம் கூடும், சரி, புது ரிம் விலையைக் கேட்டுப் பாருங்கள்.