எடிட்டிங்கா, மோஷன் கிராபிக்ஸா? இரண்டையும் பல வருடம் பாவித்த அனுபவம்

திருகோணமலையில் வீடியோ வேலை என்றால் பெரும்பாலும் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா. சீசனில் நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்காரரும் புறாத்தீவுக்குப் படகு விடுபவர்களும் ஒரு நிமிட விளம்பரம் கேட்பார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமார் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, பிரீமியர் படிக்கவா, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் படிக்கவா?" இரண்டும் அடோபி நிறுவனத்துடையவை. முதலாவது வீடியோவை வெட்டித் தொகுக்கும் எடிட்டிங் மென்பொருள், மற்றது எழுத்தையும் படத்தையும் அசைய வைக்கும் மோஷன் கிராபிக்ஸ் மென்பொருள். இரண்டையும் பல வருடம் பாவித்துவிட்டு இப்போது அதிகமும் டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்கிறேன். மென்பொருளின் பெயரை விடுங்கள், செய்யப்போவது என்ன வேலை என்று பாருங்கள்.

தாலி கட்டுவதை மூன்று கமராவில் எடுத்து வந்தால் எடிட்டிங் மென்பொருள்தான் சரி. அவற்றைச் சத்தத்தை வைத்துப் பொருத்தி, ஓடவிட்டபடியே கமரா மாற்றி வெட்டலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒவ்வொரு கிளிப்பும் தனி லேயர், அதாவது தனி அடுக்கு. வெட்டும்போதெல்லாம் லேயர்கள் கீழே இறங்கிக்கொண்டே போகும். போதாததற்கு, அது ஒவ்வொரு பிரேமையும் கணித்து ரேமில் வைத்த பிறகே சரியான வேகத்தில் ஓட்டிக் காட்டும். இரண்டு மணி நேரக் கலியாணத்தை அதில் வெட்ட நினைப்பது வீண் வேலை.

ஆனால் நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குப் படகு போகும் பாதை வரைபடத்தில் கோடாக நீள வேண்டுமென்றால் கதை வேறு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் ஷேப் லேயரில் ஒரு பாதை வரைந்து, கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டும் ட்ரிம் பாத்ஸ் போட்டு, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இரண்டு கீஃப்ரேம் (நேரக் குறி) வைத்தால் கோடு நகரும். அதே பாதையைப் படகுப் படத்தின் பொசிஷனில் ஒட்டினால் படகும் கூடவே போகும். பிரீமியரில் இதற்கு மல்லுக்கட்ட வேண்டும்.

தமிழ் எழுத்துதான் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம். அடோபி மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துத் தெரிவு இல்லாமல் யூனிகோடில் தட்டினால் 'கொ'வின் கொம்பு இடம் மாறி நிற்கலாம். அதனால்தான் நம்மூர்ப் பழைய ஆட்கள் இன்னும் பாமினி என்ற யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவை விடவில்லை. அந்த எழுத்துரு போட்ட கணினியில் அது ஒழுங்காகத் தெரியும், உண்மைதான். ஆனால் அதே வரிகளை யூடியூப் சப்டைட்டிலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். எழுத்து ஒவ்வொன்றாக வந்து விழும் அனிமேஷனும் தமிழில் கொம்பையும் காலையும் பிரித்துவிடலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் எழுத்து அனிமேஷனின் ரேஞ்ச் செலக்டரில் 'வேர்ட்ஸ்' என்று மாற்றிச் சொல் சொல்லாக வரவிடுங்கள். பார்க்கவும் அதுதான் அழகு.

அப்புறம் காசு. அடோபிக்குச் சந்தா கட்ட வேண்டும், அதுவும் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதம் 350ஐத் தாண்டியபோது, இங்கே பலர் வேறு வழி பார்த்தார்கள். ரிசால்வின் இலவசப் பதிப்பே 4கே யூஎச்டி வரை எக்ஸ்போர்ட் தருகிறது. ஸ்டூடியோ பதிப்புக்கு ஒரு தடவை 295 டொலர், அவ்வளவுதான். 2018இல் மோஷன் கிராபிக்ஸ் செய்யும் ஃபியூஷனும் ரிசால்வின் உள்ளேயே வந்துவிட்டதால் அதற்காக வெளியே போகத் தேவையில்லை. ஆனால் அது லேயர் அல்ல, நோட்: ஒவ்வொரு வேலையும் ஒரு பெட்டி, பெட்டிகளைக் கோட்டால் இணைக்க வேண்டும். லேயரில் பழகியவருக்குக் கொஞ்ச நாள் தலை சுற்றும். ஃபியூஷனுக்கு 32 ஜிபி ரேம் பரிந்துரைக்கிறார்கள். 8 ஜிபி லேப்டாப்போடு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இரண்டு மென்பொருளும் தேவைப்படும் வேலையில் முதலில் வெட்டி முடித்து, வாடிக்கையாளரிடம் காட்டிச் சரி வாங்கிய பிறகுதான் கிராபிக்ஸில் கை வைப்பேன். வரைபடம், பெயர்ப் பட்டி போன்ற சில வினாடிகளை மட்டும் தனியாகச் செய்து, பின்னணி இல்லாமல் புரோரெஸ் 4444 என்ற வீடியோ வடிவத்தில் எக்ஸ்போர்ட் பண்ணி டைம்லைனில் மேலே வைக்கிறேன். வழக்கமான எச்.264 வடிவத்தில் எடுத்தால் ஆல்ஃபா (பின்னணியை ஊடுருவிக் காட்டும் தகவல்) வராது, பின்னணி கறுப்பாகவே வரும். புரோரெஸ் கோப்பு பெரிதுதான், ஆனால் பத்து வினாடிக்கு அது ஒரு பொருட்டில்லை.