ஆட்டு இதயமா, செயலியா, வெள்ளைத்தாளா?

தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் லைஃப் சயின்ஸ் (உயிரியல்) எடுக்கும் பிள்ளைகளுக்கு மனித உடல் மூன்று வருடப் பாடம். பத்தாம் வகுப்பில் எலும்பும் இரத்த ஓட்டமும், பதினொன்றில் செரிமானம், சுவாசம், சிறுநீரகம். மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், நரம்பு, ஹார்மோன், இனப்பெருக்கம், கண், காது. டர்பனில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம் வீடுகளில் மூன்று வழிகள் பேசப்படும்: கறிக்கடையில் உறுப்பு வாங்கி அறுத்துப் பார்ப்பது, போனில் முப்பரிமாணச் செயலி, தாளும் பென்சிலும். என் ஓட்டு வகுப்புக்கு வகுப்பு மாறும்.

இதயம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கறிக்கடைதான். ஆட்டு இதயம் நம்முடையதைவிடச் சிறியது, ஆனால் அதே நான்கு அறைகள். வெட்டித் திறந்து இரண்டு பக்கச் சுவரையும் விரலால் பிடித்துப் பார்த்தால் இடது வெண்ட்ரிக்கிள் (கீழ் அறை) தடிமன், வலது மெல்லிசு. இடதுக்கு உடம்பு முழுக்க இரத்தம் தள்ளும் வேலை, வலதுக்கோ பக்கத்து நுரையீரல் வரைதான். கை தொட்டுத் தெரிந்துகொண்ட இந்தக் காரணத்தை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 1967இல் கேப் டவுனில் முதல் மனித இதய மாற்று சிகிச்சை செய்த பார்னார்டே நாய்களிடம்தான் முதலில் கை பழகினார். ஒன்று மட்டும் கடைக்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: மேல் பகுதியைச் சீவ வேண்டாம் என்று. கொழுப்போடு சேர்த்து மேல் அறைகளும் பெரிய குழாய்களும் போய்விட்டால் பெருந்தமனியை எங்கே போய்த் தேடுவது?

சிறுநீரகத்தில் கத்தி பாதி தூரம்தான் வரும். ஆட்டுடையது வெளியே நம்முடையதைப் போலவே வழவழப்பு, வெட்டினால் புறணியும் (வெளி அடுக்கு) அகணியும் (உள் அடுக்கு) தனித்தனி நிறத்தில் தெரியும். ஆனால் உண்மையான வேலை நடப்பது நெஃப்ரான்கள் என்னும் நுண்ணிய வடிகட்டிகளில். மனிதச் சிறுநீரகம் ஒன்றில் அவை ஏறக்குறைய 10 லட்சம், எதுவும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியே விடுகிற கணக்கைக் கறிக்கடை காட்டாது.

செயலி எதற்கு? எது எங்கே இருக்கிறது என்பதற்கு. கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதும், அட்ரீனல் சுரப்பி சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருப்பதும் திருப்பிப் பார்த்தால் உடனே புரியும். அதற்கு மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பலவும் மருத்துவ மாணவர்களுக்காகச் செய்தவை. பாடத்தில் இல்லாத பெயர்களாகக் கொட்டும். டேட்டாவும் கரையும்.

மெட்ரிக் வந்துவிட்டால் வெள்ளைத்தாள்தான். ஹார்மோன் ஓடுவதை எந்தக் கடையில் வாங்குவது? பிப்ரவரி வெயிலில் வியர்த்து ஊற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் நீர் குறைகிறது, மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் அதை உணர்கிறது, பிட்யூட்டரி சுரப்பி நீரைச் சேமிக்கச் சொல்லும் ஏடிஹெச் ஹார்மோனைக் கூடுதலாக விடுகிறது, சிறுநீரகத்தின் சேகரிப்பு நாளத்தின் சுவர் நீரை அதிகம் கசியவிடுகிறது, நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது, சிறுநீர் கொஞ்சமாக, அடர்த்தியாக வருகிறது. அப்புறம் நீர் அளவு சரியானதும் ஏடிஹெச் குறைகிறது. புத்தகத்தை மூடிவிட்டு இதை அம்புக்குறி போட்டு எழுதச் சொல்லுங்கள். கை எங்கே நிற்கிறதோ அந்த இடம்தான் படிக்க வேண்டியது. மெட்ரிக் தேர்வின் 150 மதிப்பெண் முதல் தாளில் இப்படிப்பட்ட கேள்விக்குப் படிப்படியாகத்தான் மதிப்பெண். நடுவில் ஒரு படி விட்டால் அந்த மதிப்பெண் போச்சு. இன்சுலின், தைராக்சின் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

மெட்ரிக்கிலும் கண்ணுக்கு மட்டும் கறிக்கடைக்குத் திரும்பலாம். தலைக்கறி வாங்கும் வீட்டில் ஆட்டுக்கண் தனிச் செலவே இல்லை. லென்ஸை எடுத்து எழுத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். உள்ளே நீலப்பச்சையாக மின்னும் படலம் ஆட்டுக்கு உண்டு, நமக்குக் கிடையாது. ஆட்டின் கண்மணியும் படுக்கைக் கோடுதான். இரண்டையும் பிள்ளை விடைத்தாளில் வரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரிக் இறுதித் தேர்வுக்கு முன் பள்ளி வைக்கும் முன்தேர்வு செப்டம்பரில், அப்போது புரட்டாசி பிறந்து, நிறைய வீடுகளில் கறி வாசலைத் தாண்டாது. ஆடிக்கும் முன்னால், ஜூலை விடுமுறை தொடங்கியதுமே வெட்டிப் பார்த்துவிடுவது நல்லது.