கிளை நூலகத்தில் கேட்போருக்கு நான் எடுத்துத் தரும் மூன்று நாவல்கள்

எங்கள் கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் புத்தகம் வழங்கவும், திரும்பி வந்தவற்றை அடுக்கில் சேர்க்கவும் தன்னார்வலராக உதவி வருகிறேன். அந்த மேசையில் இருப்பவரிடம் வாசகர்கள் அடிக்கடி கேட்பது, "நல்ல நாவலா ஒண்ணு சொல்லுங்களேன்" என்பதுதான். படிக்காத நூலைப் பரிந்துரைக்க மனம் வராததால், கடந்த இரண்டு மாதங்களில் மூன்று நாவல்களை ஊன்றிப் படித்தேன். மனிதர்கள் தம் கையால் செய்யும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல எழுதியிருப்பதால் மூன்றுமே எனக்குப் பிடித்தன.

சா. கந்தசாமியின் 'சாயாவனம்' இவற்றுள் முதன்மையானது. வெளிநாட்டில் பொருள் ஈட்டித் திரும்பும் சிதம்பரம், காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில் வனத்தை விலைக்கு வாங்கி, அதை அழித்துக் கரும்பாலை நிறுவுகிறான். கதை இவ்வளவுதான். ஆனால் பின்னிக் கிடக்கும் கொடிகளை அறுத்து, புதருக்குள் வழி உண்டாக்கி, வெட்டி மாளாதென்று தெரிந்தபின் தீ மூட்டுவது வரையிலான உழைப்பைக் கந்தசாமி அவசரமே இல்லாமல் சொல்லிச் செல்கிறார். காட்டுக்காக அவர் ஓரிடத்திலும் புலம்பவில்லை; சிதம்பரத்தைக் கெட்டவனாகவும் காட்டவில்லை. அந்த நிதானத்தாலேயே எரியும் காட்டின் காட்சி மனத்தை விட்டு அகல மறுக்கிறது. இறுதியில் ஒரு கிழவி புளியைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளும் இடத்தைப் படித்துவிட்டு, புத்தகத்தை மூட முடியாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தேன். ஓர் ஊர் இழந்தது எவ்வளவு என்பது, சமையலறைப் பானைக்குள் இருக்கவேண்டிய அந்தப் புளியால் விளங்கிவிடுகிறது. இருபதுகளில் இருந்த ஓர் இளைஞர் எழுதியது என்பதை நினைக்கும்போது வியப்பு கூடுகிறது.

சோ. தர்மனின் 'சூல்' 2016இல் வெளிவந்து, 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. உருளைக்குடிக் கண்மாயே இதன் கதாநாயகன் எனலாம். வண்டல் அள்ளுவது, கரையைக் காப்பது, மடையைத் திறந்து அடைப்பது, நீர்ப்பாய்ச்சி (வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர்) முறையோடு தண்ணீரைப் பகிர்வது என ஒரு நீர்நிலையைச் சுற்றி ஊரே இயங்கிய விதத்தைக் கரிசல் பேச்சின் கேலியும் கிண்டலுமாக விரித்துரைக்கிறார். விவசாயக் குடும்பத்திலிருந்து வரும் முதியவர்களுக்கு இந்நூலைத் தயங்காமல் எடுத்துத் தருவேன். எனினும் எனக்கு ஒரு குறை உண்டு. ஜமீன் காலத்தை ஒழுங்கின் காலமாகவும், விடுதலைக்குப் பிந்தைய நிர்வாகத்தை அழிவின் காலமாகவும் பிரித்துவைக்கும் பார்வையை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. பழைய ஒழுங்கின் கீழ் யார் எவ்வளவு சுமந்தார்கள் என்ற கேள்வியை நாவல் இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம். ஏறத்தாழ 500 பக்கங்கள் என்பதால், கிளைக்கதைகள் பெருகும் நடுப்பகுதியில் பொறுமையும் தேவைப்படுகிறது.

பூமணியின் 'வெக்கை' (1982) மறுவாசிப்பு. இந்நாவலைத் தழுவி எடுத்த 'அசுரன்' திரைப்படம் பார்த்தவர்கள் இதைத் தேடி வருகிறார்கள். தந்தையின் இளமைக் கதையைப் படத்தில் வருவதுபோல இங்கே எதிர்பார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இங்கும் சிறுவனின் பெயர் சிதம்பரம். கையை மட்டும் வெட்ட நினைத்துக் கொலையே செய்துவிட்ட பதினைந்து வயதுப் பையனும் அவன் தந்தையும் தலைமறைவாகத் திரியும் எட்டு நாட்கள்தான் நாவல். எங்கே நீர் கிடைக்கும், எதைத் தின்னலாம், எந்த மறைவில் படுக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. துரத்தப்படும் அச்சத்தைவிட, தந்தையும் மகனும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் அமைதியான பொழுதுகளே என்னை அதிகம் கலங்கவைத்தன.

நாவல் படித்துப் பழகாதவர் கேட்டால் 'வெக்கை'யைத் தருவேன். ஓரிரு நாளில் முடித்துவிடலாம். அதைத் திருப்பிக் கொடுக்க வரும்போது 'சாயாவனம்' மேசைமேல் தயாராக இருக்கும். எங்களிடம் உள்ள பிரதியில் கடைசித் தாள் கழன்று வந்திருந்தது. கிழவி பேசும் இடம் யாருக்கும் தவறிவிடக் கூடாதென்று, சென்ற ஞாயிறன்று பசை தடவி ஒட்டிவைத்திருக்கிறேன்.