ஒரு வரி நிரலை எங்கே அனுப்பலாம்: லினக்ஸா, ஃப்ரீபிஎஸ்டியா?

கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிற தங்கச்சி ஒருத்தி போன கிழமை கேட்டாள்: "அண்ணா, கெர்னலுக்கு ஒரு பேட்ச் அனுப்பிப் பார்க்கப் போறன். லினக்ஸுக்கா, ஃப்ரீபிஎஸ்டிக்கா?" லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய இயங்குதளங்கள், கெர்னல் அவற்றின் மையப் பகுதி, பேட்ச் என்றால் அதில் செய்யும் ஒரு சின்னத் திருத்தம். இரண்டுக்கும் அனுப்பு என்றேன். நான் அப்படித்தான் செய்தேன், அதுவும் ஒரே சாமானுக்கு.

சாமான் என்றால், திருமலை டவுனில் வாங்கிய ஒரு 4ஜி டொங்கிள். விண்டோஸில் ஓடும், லினக்ஸில் மோடமாகத் தெரியாது. காரணம் சின்னது. யூஎஸ்பி சாதனம் ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்று ஒரு சோடி உண்டு. சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர் வைத்திருக்கும் பட்டியலில் அந்தச் சோடி இல்லாவிட்டால் அது டொங்கிளைத் திரும்பியும் பார்க்காது. ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

லினக்ஸில் அந்த வரி 'ஆப்ஷன்' என்ற டிரைவருக்குள் போகும். அனுப்பும் வழி மின்னஞ்சல்தான், நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் பட்டன் அமுக்குவதெல்லாம் அங்கே எடுபடாது. முதல் தடவை உலாவியில் மின்னஞ்சலைத் திறந்து பேட்சை அப்படியே ஒட்டி அனுப்பினேன். டேப் எல்லாம் ஸ்பேஸாகி, நீள வரிகள் நடுவில் முறிந்து, யாருடைய நிரல் பிரதியிலும் பொருந்தாத பேட்சாகப் போய்ச் சேர்ந்தது. என் பிழைதான், ஆவணத்தில் தெளிவாக எச்சரித்திருக்கிறார்கள். பேட்சைக் குலையாமல் மின்னஞ்சலில் அனுப்பும் 'கிட் செண்ட்-ஈமெயில்' கட்டளை பழக ஒரு பின்னேரம் போனது. யாருக்கு அனுப்புவது என்பதைச் சொல்ல 'கெட் மெயின்டெய்னர்' என்றொரு ஸ்கிரிப்ட் இருக்கிறது, இடைவெளிப் பிழைகளை மனிதர் பார்க்க முன்பே பிடித்துத் தர 'செக்பேட்ச்' இருக்கிறது. இரண்டையும் ஓட்டாமல் அனுப்பவே வேண்டாம்.

இரண்டாம் தடவை, அங்கே பேட்சைப் பார்க்கிறவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: நாலாவது இன்டர்ஃபேஸ் என்ன? எனக்கு நாலாவது ஒன்று இருப்பதே தெரியாது! பார்த்தால், ஒரே டொங்கிள் உள்ளுக்குள் பல சாதனங்களாக நிற்கிறது, அதில் ஒன்று நெட்வொர்க். அது வேறு டிரைவருக்குச் சேர வேண்டியது. என் வரி எல்லாவற்றையும் சேர்த்து அள்ளியிருந்தால் இதே டொங்கிள் வைத்திருக்கும் எவனோ ஒருவனுக்கு இணையம் நின்றிருக்கும். அந்த ஒன்றை ஒதுக்கி, 'யூஎஸ்பி-டிவைசஸ்' கட்டளை தந்த வெளியீட்டையும் விளக்கத்தில் போட்டு, என்ன மாற்றினேன் என்பதை விளக்கத்தின் முடிவில் வரும் மூன்று சிறு கோடுகளுக்குக் (---) கீழே எழுதி, 'வி2' என்று திருத்திய பதிப்பை அனுப்பினேன். இரவு பத்துக்கு இங்கிருந்து போனால் ஐரோப்பாவில் பின்னேரம், விடிய எழும்பும்போது பதில் கிடக்கும். பதில் வராவிட்டாலும் ஒரு கிழமையாவது பொறுக்க வேண்டும், அதற்கு முன் நினைவூட்டக் கூடாது.

கடைசியில் கையொப்ப வரி ஒன்றும் வேண்டும். லினக்ஸில் சேர்ந்த நிரல் யாருக்குச் சொந்தம் என்று எஸ்சிஓ நிறுவனம் 2003-இல் ஐபிஎம் மீது போட்ட வழக்குக்குப் பிறகு, 2004-இல் வந்த ஏற்பாடு அது. இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி. தகப்பன் பெயரை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று நான் பட்ட பாடு தனிக்கதை. நாலு பேருக்குத் தெரிந்த பெயர் எதுவோ அதைப் போட்டால் போதும்.

லினக்ஸில் புது வசதிகள் 'மெர்ஜ் விண்டோ' என்று திறந்து வைக்கும் இரண்டு கிழமையில்தான் நுழையும், தவறவிட்டால் அடுத்த வெளியீட்டுக்கு ஒன்பது பத்துக் கிழமை காத்திருக்க வேண்டும். ஆனால் சாதன எண் சேர்ப்பதற்கு மட்டும் சலுகை உண்டு. இடையிலும் போகலாம், ஏற்கெனவே வெளியாகி, திருத்தங்கள் மட்டும் பெறும் பழைய 'ஸ்டேபிள்' வரிசைகளுக்கும் போகலாம்.

சரி, ஃப்ரீபிஎஸ்டி. அங்கே 'யூஎஸ்பிடெவ்ஸ்' கோப்பில் ஒரு வரி, 'யூ3ஜி' டிரைவரில் ஒரு வரி. கிட்ஹப்பில் 'புல் ரிக்வெஸ்ட்' என்ற சேர்ப்பு வேண்டுகோளாகப் போடலாம், நிரலைப் பரிசீலிக்கும் ஃபேப்ரிகேட்டர் தளத்தில் போடலாம், பிழைகளைப் பதியும் பக்ஸில்லாவிலும் இணைக்கலாம். டேப் முறியாது, மின்னஞ்சல் அமைப்பு வேண்டாம், தொடங்குகிறவனுக்கு இது பெரிய நிம்மதி. சிக்கல் வேறு இடத்தில். லினக்ஸில் போல இந்தக் கோப்புக்கு இவர்தான் பொறுப்பு என்று பெரும்பாலான இடங்களில் ஆள் இல்லை. நிரலை நேரே சேர்க்கும் 'கமிட்' உரிமை உள்ள ஒருவர் தானாக விரும்பி எடுக்க வேண்டும். நான் ஒருவரையும் குறிப்பிடாமல் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன், அதுவும் சும்மா கிடந்தது. அப்புறம் மாற்றங்களின் வரலாற்றைக் காட்டும் 'கிட் லாக்'கில் அந்த டிரைவரைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று பார்த்து அவரைச் சேர்த்தேன், உடனே நகர்ந்தது. முதலில் மெயின் கிளைக்குப் போய், சில நாள் கழித்து ஸ்டேபிளுக்கு இறங்கும்.

ஃப்ரீபிஎஸ்டியின் உறவுக்கார இயங்குதளமான ஓபன்பிஎஸ்டி? நிரலை வைத்திருப்பது இன்னும் சிவிஎஸ் என்ற பழைய முறையில், மாற்றத்தைக் காட்டும் 'டிஃப்' மின்னஞ்சலுக்குள்ளேயே, இன்னொரு டெவலப்பரின் 'ஓகே' இல்லாமல் நகராது, கையேட்டுப் பக்கத்தையும் நீயே திருத்த வேண்டும். அதை ஓட்டும் கணினி கையில் இல்லாதவன் அந்தப் பக்கம் போவது பகிடி, நான் போகவில்லை.

என்னைக் கேட்டால் முதலில் லினக்ஸ். கரைச்சல்தான், ஆனால் நாலாவது இன்டர்ஃபேஸ் என்ன என்று கேட்க அங்கே ஒருவர் இருக்கிறார். மின்னஞ்சல் என்றாலே கை நடுங்குகிறவர்கள் ஃப்ரீபிஎஸ்டியில் தொடங்கட்டும்.

தங்கச்சி லினக்ஸையே பிடித்துக்கொண்டாள். நேற்றுக் காட்டிய வரைவில் தலைப்பு வரி மட்டும் 90 எழுத்து, 75-க்குள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.