கற்பூரவல்லியா, சரக்கொன்றையா?

வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் வீட்டு வாசலில் செடி நடக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டடி இடம். அதற்கும் ஒரு பைக் போட்டிக்கு நிற்கும். அங்கே என் கை முதலில் கற்பூரவல்லிக்குத்தான் போகும். விதை வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு கிளையைக் கேட்டு வாங்கி, உடைந்த பிளாஸ்டிக் வாளியில் செருகினால் ஓரிரு வாரத்தில் வேர் பிடித்துவிடும். பூனைமயிர் படர்ந்த தடித்த இலையைக் கசக்கினால் ஓம வாசனை மூக்கில் ஏறும். சளிக்குக் கஷாயம், மழை நாளில் பஜ்ஜி. அன்பு மிகுந்து தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் அதற்கு எதிரி, தண்டு அழுகிவிடும்.

சித்திரை வெயிலில் சரக்கொன்றை மஞ்சள் சரங்களாகத் தொங்கும்போது, அழகில் கற்பூரவல்லி அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் அது 10 மீட்டருக்கு மேலும் வளரும் மரம். விதை போட்டால் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். தலைக்கு மேல் கேபிள் கம்பிகள் வேறு. 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களைப் பார்த்தவர்கள், சுவரை ஒட்டி எந்த மரத்தையும் நடுவதற்கு யோசிப்பார்கள். மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் காலிமனை வைத்திருப்பவர்கள் தாராளமாகக் கொன்றையை நடலாம், முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால்.